பாய்பாயின் செத்த எழுத்தல்ல

பிலிப்பைன்ஸின் பாய்பாயின் எழுத்து செத்துவிட்டது, அதை மீட்பது பச்சை குத்துவோரின் மோகம் மட்டுமே என்ற வாதம் வரலாற்றை மறைக்கிறது. 1593இல் மணிலாவில் ‘டாக்ட்ரினா கிறிஸ்டியானா’ நூலை ஸ்பானியப் பாதிரியார்களே இந்த எழுத்திலும் அச்சிட்டார்கள். படிக்கத் தெரிந்த மக்கள் இல்லாமலா அச்சிட்டார்கள்?

மெய்யொலியைக் காட்ட முடியாத குறை எழுத்து என்கிறார்கள். நம் ஓலைச்சுவடிகளிலும் பெரும்பாலும் புள்ளி கிடையாது. அதற்காகத் தமிழை யாரும் ஒதுக்கவில்லை. பாய்பாயினுக்கும் 1620இலேயே சிலுவைக்குறி ஒன்று மெய்யொலிக்காகச் சேர்க்கப்பட்டது.

இதன் உறவு எழுத்துகளை மிண்டோரோ தீவின் மங்யான் மக்கள் இன்றும் எழுதுகிறார்கள். 1999இல் யுனெஸ்கோ அவற்றை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. 2002இல் பாய்பாயின் யூனிகோடில் இடம்பெற்றது. அடுத்து அது பள்ளிப் பாடத்துக்குள் வரவேண்டும், அதுவே நியாயம்.