தீவை விடுங்க, கடிதத்தைக் கேளுங்க!

தேர்தல் வந்தால் போதும், திருவல்லிக்கேணி டீக்கடையிலேயே கச்சத்தீவை மீட்டுவிடுவார்கள். 'தூக்கிக் கொடுத்துட்டாங்க சார்!'

எப்போது என்று கேளுங்கள். 1974 என்பார்கள். இந்திரா - சிறிமாவோ ஒப்பந்தம். ஆனால், நம் மீனவர்கள் விசா இல்லாமல் தீவுக்குப் போய்வரலாம் என்று அதில் இருந்ததே! வலையில் கைவைத்தது 1976 மார்ச்சில் இரு நாட்டு வெளியுறவுச் செயலாளர்கள் எழுதிக்கொண்ட கடிதம். அங்கே எமர்ஜென்சி. இங்கே ஆட்சியைக் கலைத்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. கேட்க நாதியில்லை.

குடிதண்ணீர்கூட இல்லாத 285 ஏக்கரை மீட்பேன் என்று மைக் பிடிப்பவரிடம் அந்தக் கடிதத்தைப் பற்றிக் கேளுங்கள். அப்படியே நம் விசைப்படகுகளின் இழுவைமடி பற்றியும். யாழ்ப்பாணத்துத் தமிழ் மீனவர்கள் கத்திக் கதறிய பிறகுதான் இலங்கை 2017-ல் அதைச் சட்டம் போட்டுத் தடை செய்தது.