தொட்டுக்கொள்ள வந்த சரித்திரம்

சமையல் குறிப்பை மொழிபெயர்ப்பதுபோல் வில்லங்கமான வேலை வேறில்லை. தென் ஆப்பிரிக்காவில் ஆப்பிரிக்கான்ஸ் மொழி பேசுவோரின் 'ப்ராய்' விருந்து பற்றி ஒரு கட்டுரையைத் தமிழாக்க உட்கார்ந்தேன். 'ஸைட் டிஷ்' என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. 'துணை உணவு' என்றால் அரசாணை வாடை. 'தொடுகறி' என்றால் புலவர் வாடை. கடைசியில் 'தொட்டுக்கொள்ள' என்றே போட்டேன்.

ப்ராய் என்பது விறகை எரித்துத் தணலில் இறைச்சி சுடும் விருந்து. செப்டம்பர் 24 அங்கே பாரம்பரிய தினம். பலருக்கு அது ப்ராய் தினம். 2007இல் டெஸ்மண்ட் டூட்டுவே அதன் புரவலரானார். தணல் வழக்கமாக ஆண்களின் ராஜ்யம். கையில் இடுக்கி, வாயில் உபதேசம். சுற்றிலும் இருக்கும் கிண்ணங்கள் மட்டும் சமையலறையிலிருந்து, பெரும்பாலும் பெண்கள் கையால் வருகின்றன. கதை இருப்பது அந்தக் கிண்ணங்களில்தான்.

முதலில் மஞ்சள் சோறு. ஒரு கப் அரிசிக்கு இரண்டு கப் தண்ணீர், அரை டீஸ்பூன் மஞ்சள்தூள், ஒரு துண்டு பட்டை, இரண்டு டீஸ்பூன் சர்க்கரை, உப்பு, ஒரு கைப்பிடி உலர் திராட்சை. வெந்ததும் வெண்ணெய். சாவு வீடுகளில் பரிமாறியதால் இதற்கு இழவுச் சோறு என்றும் ஒரு பெயர் உண்டு. ப்ராயில் யாரும் அதைப் பொருட்படுத்துவதில்லை.

அடுத்தது கறிப்பொடி பீன்ஸ். அரை கப் வினிகர், கால் கப் சர்க்கரை, நறுக்கிய ஒரு வெங்காயம், ஒரு டீஸ்பூன் கறிப்பொடி, உப்பு சேர்த்துக் கொதிக்கவிடுங்கள். ஒரு டீஸ்பூன் கார்ன்ஃப்ளாரைத் தண்ணீரில் கரைத்து ஊற்றி, வேகவைத்த கால் கிலோ பீன்ஸைப் போட்டு 5 நிமிடம் கிளறுங்கள். ஆறியதும் ஃபிரிட்ஜில் வையுங்கள். மறுநாள்தான் ருசி.

மூன்றாவது, தணல் ரொட்டி. இரண்டு ரொட்டித் துண்டுகளுக்கு நடுவே சீஸ், தக்காளி, வெங்காயம், 'பிளாட்யாங்' எனும் ஆப்ரிகாட் சட்னி. வெளிப்பக்கம் வெண்ணெய். இறைச்சியை எடுத்த பிறகு, அடங்கிய தணலில் கம்பிவலைக்குள் வைத்துத் திருப்பித் திருப்பிச் சுட வேண்டும். சைவக்காரர்கள் இதை முதலிலேயே சுட்டுக்கொள்வது நல்லது.

கூடவே மக்காச்சோளக் களி. கறுப்பின மக்களின் அன்றாட உணவு. இனஒதுக்கல் காலத்தில் ஒரே மேஜையில் உட்கார விடாதவர்களின் தட்டில்கூட அது தாராளமாக உட்கார்ந்திருந்தது.

கேப் பகுதியில் மஞ்சளும் பட்டையும் விளைந்தவை அல்ல, கப்பலில் வந்தவை. 1652இல் டச்சுக் கம்பெனி அங்கே குடியேற்றம் அமைத்தது. 1808இல் அடிமை வணிகம் தடைசெய்யப்படும்வரை மடகாஸ்கர், மொசாம்பிக், இந்தோனேசியத் தீவுகள், வங்கம், மலபார், இலங்கை, நம் சோழமண்டலக் கரை ஆகிய இடங்களிலிருந்து 60,000க்கும் மேற்பட்ட அடிமைகள் கொண்டுவரப்பட்டதாக வரலாற்றாசிரியர்கள் கணக்கிடுகிறார்கள். அவர்களில் பலர் எஜமானர்களின் அடுப்படிக்குப் போனார்கள். 'பிளாட்யாங்' என்ற சொல் மலாய் மொழியில் இறால் விழுதைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. இறால் காணாமல் போய், பெயர் மட்டும் தங்கிவிட்டது. பீன்ஸில் விழும் 'கெரி', டச்சுக்காரர் வழியாகப் போன நம் கறிதான் என்கிறார்கள் சொல்லாராய்ச்சியாளர்கள்.

உணவின் பெயர் பிழைத்தது. சமைத்தவர்களின் பெயர் பிழைக்கவில்லை. எஜமானர் சூட்டிய புதுப் பெயரோடு, 'வங்கத்து', 'மலபாரின்', 'கரையின்' என்று ஓர் ஒட்டு மட்டும் ஏடுகளில் இருக்கிறது. 'கரை' என்றால் சோழமண்டலக் கரை. அப்பா பெயரில்லை, ஊர்ப் பெயரில்லை.

ஆப்பிரிக்கான்ஸ் மொழியையே ஒரு காலத்தில் 'அடுப்படி பாஷை' என்று இளக்காரம் செய்தார்கள். டச்சுக்காரர்களும் அடிமைகளும் பூர்வகுடி கோய்கோய் மக்களும் பேசிப் பேசி உருவான மொழி அது. 19ஆம் நூற்றாண்டில் கேப் முஸ்லிம்கள் அதை அரபு எழுத்தில் எழுதினார்கள். 1925இல் ஆட்சிமொழி ஆயிற்று. பிறகு ஆட்சியாளர்கள் அதை வெள்ளையரின் அடையாளமாக்கி, கறுப்பினக் குழந்தைகளின் பள்ளிகளில் திணித்தார்கள். 1976இல் சொவெட்டோ மாணவர்கள் அதை எதிர்த்துத் தெருவில் இறங்கிச் சுடப்பட்டார்கள். அடுப்படியில் பிறந்த மொழிக்கு அடுப்படியை மறக்கடித்த பலன் அது.

சுட்ட இறைச்சி உலகம் முழுக்கக் கிடைக்கும். அந்த மேஜை எந்த ஊருடையது என்று சொல்பவை சுற்றியுள்ள கிண்ணங்கள்தான். வீட்டில் சமைத்துப் பாருங்கள். பீன்ஸ் எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டால், தென் ஆப்பிரிக்கா என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடாதீர்கள்.