செல்லுலார் சிறையில் சொல்லாமல் விட்ட கதை

ஏதென்ஸ் போனால் பார்த்தினானை 1687-ல் வெனிஸ்காரன் குண்டு போட்டு உடைச்சது வரைக்கும் துருவித் துருவிக் கேட்போம். நம்ம அந்தமானுக்கு மட்டும் பேக்கேஜ் டூர்காரன் சொல்றதுதான் சரித்திரம்!

இந்த லீவுக்குக் குடும்பத்தோட போனோம். செல்லுலார் சிறைக்கு முக்கால் மணி நேரம். 1906-ல் கட்டி முடிச்சப்ப ஏழு சிறகு, இப்ப மூணுதான் நிக்குது. மீதி எங்கேன்னு பையன் கேட்டான். "இடிஞ்சு போச்சு தம்பி"ன்னு கைடு நகர்ந்துட்டார். இடிச்சதில் ஜப்பான்காரனுக்கும் பங்கு உண்டு, சுதந்திரத்துக்கு அப்புறம் நமக்கும் உண்டு. அந்த வளாகத்திலேயே ஆஸ்பத்திரி கட்டினோமே!

வெள்ளைக்காரன் கொடுமையை மணிக்கணக்கா சொல்றாங்க, சொல்லட்டும், வேணும். 1942 முதல் 1945 வரை இங்கே ஜப்பான் ஆட்சி. 1943 டிசம்பர் 30-ல் நேதாஜி கொடியேத்தினதைச் சொல்றவங்க, அன்னிக்கே அதே சிறையில் டாக்டர் திவான் சிங் சித்திரவதையில் கிடந்ததைச் சொல்றதில்லை. அடுத்த ஜனவரி 14-ல் செத்துப் போனார். நேதாஜிக்கு இதெல்லாம் காட்டலைன்னுதான் எழுதுறாங்க, அவரைக் குறை சொல்லலை. ஜனவரி 30, ஹம்ஃப்ரிகஞ்ச்: உளவாளிகள்னு சொல்லி 44 பேரைச் சுட்டுக் கொன்னாங்க. எல்லாரும் நம்ம நாட்டு ஜனங்க. அங்கே நினைவிடம் இருக்கு, டூர் லிஸ்டில் இல்லை.

போகலாமான்னு டிரைவர்கிட்ட கேட்டேன். "அங்க என்ன சார் இருக்கு? பீச்சுக்கு நேரமாச்சு"ன்னார்.

வெட்கமா இருக்கு, நானும் பீச்சுக்குத்தான் போனேன். நீங்க போனா முதல் நாளே வண்டியை அங்கே விடச் சொல்லுங்க.