கச்சத்தீவு: மீட்போம் மீட்போம்னு கத்தினது போதும்

இனிமேல் எந்த மேடையில் எவர் "கச்சத்தீவை மீட்டே தீருவோம்" என்று மைக்கைப் பிடித்துக் கத்தினாலும் நான் கை தட்டுவதாக இல்லை. சொல்பவர் எந்தக் கட்சியாக இருந்தாலும் சரி. ஐம்பது வருஷமாக இந்த ஒரே வசனத்தை வைத்து ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். வசனம் பழசாகிவிட்டது, மீனவன் இன்னும் ஜெயிலில்தான் இருக்கிறான்.

"கம்பைநல்லூர்ல உட்கார்ந்துகிட்டு உனக்கெதுக்குடா கடல் கதை?" என்று கிளாஸில் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். எங்க ஊர்க்காரனுக்கு மீன் என்றால் கே.ஆர்.பி. டேம் ஜிலேபி. கடலைப் பார்க்க அரைநாள் பஸ்ஸில் போகணும். ஆனால் தேர்தல் வந்துவிட்டால் எங்க ஊர் டீக்கடை வரைக்கும் கச்சத்தீவு வந்து நிற்கிறது. ஃபார்வர்டு செய்வதில் முக்கால்வாசிப் பேர் கடலே இல்லாத ஊர்க்காரர்கள். அதனால் எங்களுக்கும் கொஞ்சம் பொறுப்பு இருக்கு இல்லையா?

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் "சிங்களவன் கைக்கூலி" என்று ஆரம்பித்துவிடுவார்கள். 1974-ல் நடந்தது தப்பு. அந்த 285 ஏக்கர் ராமநாதபுரம் சேதுபதிகளின் ஜமீன் கணக்கில் இருந்தது. குத்தகைப் பத்திரங்கள் இருந்தன. 1921-ல் மெட்ராஸ் அரசும் சிலோன் அரசும் மீன்பிடி எல்லை பேசியபோது, கோட்டைத் தீவுக்கு மேற்கே போட ஒத்துக்கொண்ட நம்ம ஆட்கள், தீவின் மீதான உரிமையை விட்டுத்தரவில்லை என்றும் சேர்த்தே சொன்னார்கள். அந்த ஏற்பாட்டுக்கு லண்டன் கடைசிவரை ஒப்புதலும் தரவில்லை. 1960-ல் அட்டர்னி ஜெனரலாக இருந்த செதல்வாத், நம்ம பக்கம்தான் பலம் அதிகம் என்று கருத்து சொன்னார். அடுத்த வருஷமே நேரு, இந்தக் குட்டித்தீவுக்கு நான் எந்த முக்கியத்துவமும் தரவில்லை, விட்டுக்கொடுக்கவும் தயங்கமாட்டேன் என்கிற பொருளில் குறிப்பு எழுதிவிட்டார். டெல்லியில் இருந்து பார்த்தால் அது ஒரு புள்ளி. அவ்வளவுதான்.

அப்புறம் 1974 ஜூன் கடைசியில் கொழும்பிலும் டெல்லியிலுமாக இந்திரா காந்தியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் கையெழுத்துப் போட்டார்கள். தீவுக்கு மேற்கே ஒரு மைல் தள்ளிக் கோடு. தீவு அந்தப் பக்கம். நாடாளுமன்றத்தில் இரா.செழியனும் ராமநாதபுரம் எம்.பி.யாக இருந்த மூக்கையாத் தேவரும் கத்தித்தான் பார்த்தார்கள்.

பெருபாரி விவகாரம் தெரியுமா? வங்காளத்தில் ஒரு துண்டு நிலத்தைப் பாகிஸ்தானுக்குத் தருவது பற்றி 1960-ல் உச்சநீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: நாட்டின் நிலத்தை இன்னொரு நாட்டுக்குக் கொடுக்கணும் என்றால் அரசியல் சட்டத்தைத் திருத்தணும். அதற்காகவே ஒன்பதாவது திருத்தம் வந்தது. 2015-ல் பங்களாதேஷுடன் நிலம் மாற்றிக்கொண்டபோதும் நூறாவது திருத்தம் வந்தது. கச்சத்தீவுக்கு மட்டும் ஒன்றும் வரவில்லை. ஏன் என்றால், "அது நம்ம நிலமே இல்லை, தகராறில் இருந்த இடம், எல்லையைத்தான் தெளிவாக்கினோம்" என்று மத்திய அரசு சொல்லிவிட்டது. கொடுத்தால்தானே திருத்தம், நாங்கதான் கொடுக்கவே இல்லையே! வக்கீல் மூளை என்றால் இதுதான்.

சரி, தப்பு நடந்தது. திரும்பி வருமா?

இங்கேதான் எனக்கும் மேடைக்காரர்களுக்கும் சண்டை. பழைய பத்திரங்களைக் காட்டினால் தீவு வந்துவிடும் என்பது போலப் பேசுகிறார்கள். சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் பெட்ரா பிராங்கா என்கிற பாறைத்தீவு தகராறு ஒன்று இருந்தது. ஆதியில் அது ஜோகூர் சுல்தானின் சொத்து என்பதைச் சர்வதேச நீதிமன்றமே ஒத்துக்கொண்டது. ஆனாலும் 2008-ல் தீவு சிங்கப்பூருக்கே என்று தீர்ப்பு. முக்கியக் காரணங்களில் ஒன்று, 1953-ல் ஜோகூர் அரசின் அதிகாரி ஒருவர் "அந்தப் பாறைக்கு நாங்கள் உரிமை கோரவில்லை" என்று எழுதின ஒரு கடிதம். ஒரே ஒரு கடிதம்! நாம கொடுத்திருப்பது கடிதம் இல்லை. பிரதமர் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம். அதற்குப் பிறகு சேதுபதி பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு போனால் யார் மதிப்பார்கள்? 2014-ல் அட்டர்னி ஜெனரல் முகுல் ரோத்தகி உச்சநீதிமன்றத்தில் போட்டு உடைத்தார்: அதைத் திரும்ப வாங்கணும் என்றால் போருக்குத்தான் போகணும்.

அட, ஒரு பேச்சுக்கு நாளைக்கே தீவு கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். நல்ல தண்ணீர் இல்லாத 285 ஏக்கர், ஒரு அந்தோணியார் கோயில். கோடு சில மைல் கிழக்கே நகரும். ஆனால் படகைப் பிடித்த செய்திகளைக் கொஞ்சம் கவனித்துப் படியுங்கள். பாதிக்கு மேல் "நெடுந்தீவு அருகே" என்றுதான் இருக்கும். நெடுந்தீவு கச்சத்தீவையும் தாண்டி யாழ்ப்பாணத்துப் பக்கம். மீன் அங்கேதான் இருக்கிறது, படகும் அங்கேதான் போகிறது. கச்சத்தீவில் நம்ம கொடி பறந்தாலும் நெடுந்தீவு கடலில் பிடிக்கத்தான் செய்வான்.

உண்மையில் மீனவன் வயிற்றில் அடித்தது 1974 இல்லை. 1976.

1974 ஒப்பந்தத்தின் ஐந்தாவது பிரிவு, நம்ம மீனவர்களும் யாத்ரீகர்களும் முன்போலவே விசா இல்லாமல் கச்சத்தீவுக்குப் போய்வரலாம் என்கிறது. ஆறாவது பிரிவு, இரண்டு நாட்டுப் படகுகளும் காலங்காலமாக அனுபவித்த உரிமைகளை அடுத்தவர் கடலில் தொடர்ந்து அனுபவிக்கலாம் என்கிறது. அந்த ஜூலையில் வெளியுறவு அமைச்சர் ஸ்வரண் சிங் நாடாளுமன்றத்தில் எழுந்து நின்று, மீன்பிடி, யாத்திரை, கப்பல் போக்குவரத்து உரிமைகள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன என்று வாக்குக் கொடுத்தார். இரண்டு வருஷம் கூட ஆகவில்லை. 1976 மார்ச் 23 அன்று மன்னார் வளைகுடா எல்லைக்கு இன்னொரு ஒப்பந்தம், கூடவே இந்திய வெளியுறவுச் செயலாளர் கேவல் சிங்குக்கும் இலங்கைச் செயலாளருக்கும் ஒரு கடிதப் பரிமாற்றம். இந்தியப் படகுகள் இலங்கைக் கடலில் மீன் பிடிக்காது என்று அந்தக் கடிதத்தில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். முடிந்தது கதை.

அந்தத் தேதியைக் கொஞ்சம் பாருங்கள். நாட்டில் எமர்ஜென்சி. தமிழ்நாட்டில் தி.மு.க. ஆட்சி ஜனவரி 31-ஆம் தேதியே கலைக்கப்பட்டாச்சு. சட்டசபை இல்லை. கேட்க நாதியில்லை. ராமேஸ்வரத்தில் வலை பின்னிக்கொண்டிருந்தவனிடம் ஒரு வார்த்தை கேட்டார்களா?

உலகம் பூரா இதே கதைதான் போல. சாகோஸ் தீவுகளில் இருந்தவர்களை 1968-க்கும் 1973-க்கும் இடையில் பிரிட்டன் மூட்டை கட்டி வெளியேற்றியது, அமெரிக்காவுக்கு டியாகோ கார்சியாவில் ராணுவத்தளம் வேணுமாம். 2025 மே 22-ல் அந்தத் தீவுகளின் இறையாண்மையை மொரீஷியஸுக்கு மாற்றவும், தளத்தை மட்டும் 99 வருஷக் குத்தகைக்கு வைத்துக்கொள்ளவும் ஒப்பந்தம் போட்டார்கள். எங்களைக் கேட்கவே இல்லையே என்று அங்கே பிறந்த இரண்டு பெண்கள் கையெழுத்துக்குச் சில மணி நேரம் முன்னால் லண்டன் கோர்ட்டுக்கு ஓடினார்கள். ராத்திரியோடு ராத்திரியாக வாங்கின தடை, மறுநாளே போயிற்று. கொடுக்கிறவனும் வாங்குகிறவனும் மேஜையில், பிழைக்கிறவன் வாசலில்.

இப்போ நம்ம கட்சிகளுக்கு வருவோம். கருணாநிதி 1974 ஆகஸ்டில் சட்டசபையில் தீர்மானம் போட்டார். ஆனால் ஜூன் மாதமே வெளியுறவுச் செயலாளர் கோட்டைக்கு வந்து அவரிடம் விவரம் சொன்னதாக 2024-ல் வெளியான ஆவணங்கள் சொல்கின்றன. ஜெயலலிதா 1991 சுதந்திர தின உரையில் மீட்பேன் என்றார், உச்சநீதிமன்றம் போனது 2008-ல். நடுவில் பதினேழு வருஷம், இரண்டு முறை முதலமைச்சர். பிரதமர் மோடிக்கு 2024 மார்ச் 31-ல், தேர்தலுக்கு மூன்று வாரம் இருக்கும்போது, கச்சத்தீவு ஞாபகம் வந்தது. மறுநாள் ஜெய்சங்கர் பேட்டி கொடுத்தார். இருபது வருஷத்தில் 6,184 மீனவர்கள் பிடிபட்டார்கள், 1,175 படகுகள் போயின என்றார். சரி, அதில் பத்து வருஷம் யார் ஆட்சிங்க? 2025 ஏப்ரலில் சட்டசபையில் மறுபடி ஒரு தீர்மானம். ஆகஸ்டில் மதுரை மாநாட்டில் விஜய்யும் அதே பாட்டு. நடந்தது என்ன? செப்டம்பர் 1-ஆம் தேதி இலங்கை ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க நேராகக் கச்சத்தீவிலேயே போய் இறங்கினார். நம்ம கத்தலுக்குக் கிடைத்த பலன் அதுதான் :)

இத்தனை பேரில் ஒருத்தராவது மேடையில் 1976 கடிதத்தைப் பற்றி மூச்சு விட்டாரா? இரட்டைமடி வலையைப் பற்றி? விடமாட்டார்கள். அதைப் பேசினால் வேலை செய்யணும்.

அந்த வலை விஷயத்தில்தான் எனக்குக் கோபம் அதிகம். விசைப்படகின் இழுவலை கடலின் அடித்தரையை வழித்துக்கொண்டு போகிறது, குஞ்சு குளுவான் எதுவும் மிஞ்சாது. நம்ம பக்கம் வழித்து முடித்துவிட்டோம், அதனால்தான் அந்தப் பக்கம் போகவேண்டியிருக்கிறது. அந்தப் பக்கம் இருப்பது யார்? யாழ்ப்பாணம், மன்னார், கிளிநொச்சி, முல்லைத்தீவு. தமிழன்தான். முப்பது வருஷப் போரில் கடலில் இறங்கவே முடியாமல் இருந்தவன் 2009-க்கு அப்புறம் கடன் வாங்கி வலை போட்டால், ராத்திரியில் நம்ம படகு அறுத்துக்கொண்டு போகிறது. "தமிழினம்" என்று தொண்டை கிழியப் பேசுகிறவர்கள் இதற்கு மட்டும் வாயே திறப்பதில்லை. இலங்கை 2017-ல் இழுவைமடியைச் சட்டம் போட்டே தடை செய்தது. இந்தியாவும் 2016 பேச்சுவார்த்தையில் சீக்கிரம் நிறுத்துகிறோம் என்று ஒத்துக்கொண்டது. 2017-ல் இரண்டாயிரம் இழுவைப்படகுகளை ஆழ்கடல் படகுகளாக மாற்றுவோம் என்று திட்டமும் வந்தது. படகு ஒன்றுக்கு 80 லட்சம், பாதி மானியம் மத்திய அரசு. மாறினவை சொற்பம். ஏன் மாறவில்லை, கடன் சுமையா, ஆழ்கடல் தொழில் பழக்கமில்லையா, டூனாவுக்கு விலை கிடைக்கவில்லையா என்று எந்த மாநாட்டில் பேசினார்கள்?

இதற்காக இலங்கை நேவி செய்வதெல்லாம் சரி என்று ஆகிவிடாது. சுட்டதும் அடித்ததும், படகைப் பிடுங்கி நாட்டுடைமை ஆக்குவதும் கண்டிக்கவேண்டியவைதான். அதில் எனக்கு ரெண்டு பேச்சு இல்லை.

தர்மபுரிக்காரனாக ஒன்று சொல்கிறேன். 2008-ல் ஒகேனக்கல் சண்டை ஞாபகம் இருக்கா? எடியூரப்பா நேராக அங்கேயே வந்து நின்று எங்க இடம் என்றார். பெங்களூரில் தியேட்டரை உடைத்தார்கள், சென்னையில் நடிகர்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள். அவ்வளவு கத்தலுக்கும் பிறகு நடந்தது, கர்நாடகத் தேர்தல் முடியட்டும் என்று திட்டத்தையே தள்ளி வைத்ததுதான். ஆனால் 1998-ல் கர்நாடகம் குடிநீருக்குத் தடையில்லை என்று எழுதிக் கொடுத்த காகிதம் ஒன்று இருந்தது. அந்தக் காகிதம், ஜப்பான் கடன், என்ஜினியர்கள் தோண்டின குழி, இவற்றால்தான் 2013-ல் திட்டம் திறந்தது. ஃப்ளோரைடு தண்ணி குடித்துப் பல்லெல்லாம் பழுப்பான எங்க ஜில்லாவுக்குப் பாறை யாருடையது என்பதை விட, குழாயில் என்ன வருகிறது என்பதுதான் பிரச்சினை.

மீனவனுக்கும் அப்படித்தான். அவனுக்குத் தேவை 285 ஏக்கர் பட்டா இல்லை. கடலில் இறங்கிவிட்டு உயிரோடு, படகோடு திரும்பணும். அதற்குக் கேட்கவேண்டியது 1976 கடிதத்தைத் திரும்ப மேஜைக்குக் கொண்டுவரச் சொல்லித்தான். இழுவலையை நாமே நிறுத்துகிறோம், பதிலுக்கு நாட்டுப்படகுகளுக்கும் சின்ன வலைக்காரர்களுக்கும் இத்தனை நாள், இத்தனை படகு என்று லைசென்ஸ் கொடு என்று கேட்கலாம். இலங்கை ஒத்துக்குமா என்றால், முன்னுதாரணம் அதே 1976 காகிதங்களில்தான் இருக்கிறது. கன்னியாகுமரிக்குத் தெற்கே இருக்கிற வெட்ஜ் பேங்க் அப்போது நம்ம கைக்கு வந்தது. அங்கே வழக்கமாக மீன் பிடித்துவந்த இலங்கைப் படகுகளை நாம ஒரே நாளில் துரத்தவில்லை. ஆறு படகு, வருஷத்துக்கு 2,000 டன், மூன்று வருஷம் என்று லைசென்ஸ் போட்டுக் கொடுத்தோம். அவர்கள் மீனவர்களுக்காக அவர்கள் அரசு கேட்டு வாங்கியது அது. நம்ம மீனவர்களுக்காக நம்ம ஆள் அன்றைக்கு ஒரு படகு கூடக் கேட்டு வாங்கவில்லை.