யந்திரங்களின் சம்பாஷணை

பாட்டி கடிதம் சொல்ல, பேரன் எழுதுவதைப் பார்த்திருப்பீர்கள். பாட்டி நிதானமாகச் சொன்னால் பிழை இராது. கடகடவென்று ஒப்பித்தாலோ, பையன் பாதி வார்த்தையை விழுங்கிவிடுவான். குற்றம் யாருடையதும் அல்ல. இருவர் வேகமும் ஒத்துப் போகவில்லை, அவ்வளவுதான்!

ஆகாய விமானத்திலும் இந்தச் சங்கடம் உண்டு என்றால் நம்புவீர்களா?

அமெரிக்காவில் பலர் சிறு விமானங்களைத் தங்கள் வீட்டிலேயே கட்டிப் பறக்கிறார்கள். அதில் ஜி.பி.எஸ். என்ற கருவி செயற்கைக் கோள்களின் சமிக்ஞையைக் கேட்டு, விமானம் எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் போக வேண்டும் என்று கணக்கிடும். ஆட்டோபைலட் என்ற மற்றொரு கருவி அதைக் கேட்டு விமானத்தைத் திருப்பும். இரண்டுக்கும் நடுவே பேச்சு மெல்லிய கம்பி வழியாகத்தான்.

அந்தப் பேச்சு மின்சாரத் துடிப்புகளால் ஆனது. கப்பல்களை உத்தேசித்து 1983-ல் வகுத்த முறை ஒன்று உண்டு. அதில் விநாடிக்கு 4800 துடிப்புகள். விமான ஜி.பி.எஸ். பலவற்றில் உள்ள 'ஏவியேஷன்' முறையிலோ 9600. ஒன்று 4800-ல் பேச, மற்றது 9600-ல் கேட்டால் என்ன ஆகும்? ஒரு துடிப்பை இரண்டாக எண்ணிவிடும், அத்தனையும் உளறலாகிவிடும். வேகம் ஒத்திருந்தாலும் போதாது, பாஷையும் ஒன்றாக இருக்க வேண்டும்.

பெரிய விமானங்களில் 'ஏரிங்க் 429' என்ற முறை. அதில் ஒவ்வொரு சொல்லுக்கும் 32 குறிகள். கடைசிக் குறி, நாம் சலவைக்குப் போடும் துணியை எண்ணி எழுதுகிறோமே, அதைப் போல! 'ஒன்று' என்ற குறிகளின் தொகை ஒற்றைப்படையாக வர வேண்டும். வராவிட்டால், வழியில் ஏதோ பிசகு என்று கேட்கும் கருவி கண்டுகொள்ளும்.

பேச்சு புரியாவிட்டால், பல ஆட்டோபைலட்டுகள் 'ஜி.பி.எஸ். இல்லை' என்று காட்டிவிடும். அது நாணயமான யந்திரம். ஆபத்து மனிதரிடம்தான் இருக்கிறது. மேகத்துக்குள் தனியாகப் பறக்கும் விமானி, தலையைக் குனிந்து பொத்தான்களைத் தட்டிக்கொண்டிருந்தால், விமானத்தை யார் பார்ப்பது?

1972 டிசம்பரில் மயாமி அருகே இப்படித்தான் நடந்தது. பழுதான ஒரு சிறு விளக்கையே விமானிகள் கவனித்துக்கொண்டிருந்தார்கள். ஆட்டோபைலட் உயரத்தைக் கைவிட்டதை யாரும் பார்க்கவில்லை. விமானம் சதுப்பு நிலத்தில் விழுந்து சுமார் 100 பேர் மாண்டார்கள்.

ஆகவே, விவரம் அறிந்தவர்கள் தரையில் இருக்கும்போதே இரண்டு கருவிகளின் வேகத்தையும் முறையையும் ஒப்பிட்டு, ஓர் ஊரின் பெயரைக் கொடுத்து, ஆட்டோபைலட்டுக்குச் செய்தி போய்ச் சேருகிறதா என்று பார்த்துக்கொள்கிறார்கள்.

"நான் சொன்னேனே!" என்றால் மட்டும் போதாது, சகோதரிகளே! கேட்டவருக்கு என்ன விளங்கிற்று என்று கேட்டுக்கொள்வதும் சொன்னவருடைய பொறுப்புத்தான். வானத்திலும் சரி, வீட்டிலும் சரி.