கேட்டவர்க்கே கேட்டதைக் கொடுத்தல்

ஒருவர் உரைப்பதைப் பலர் ஒரே காலத்திற் கேட்குமாறு செய்தற்கு மூன்று வழிகள் உண்டு. ஒவ்வொருவரிடமும் தனித்தனியே சென்று உரைப்பது ஒன்று. ஊரெல்லாம் பறை சாற்றுவது மற்றொன்று. கேட்க விரும்புவோரை அறிந்து அவர்க்கு மாத்திரம் உரைப்பது மூன்றாவது. கணிப்பொறி வலைப்பின்னலில் இம்மூன்றாம் வழிக்கே மல்டிகாஸ்ட் என்று பெயர். ஸ்டீவ் டீயரிங் என்பார் 1989ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆர்.எப்.சி. 1112 என்னும் ஆவணம் இதன் விதிகளை வகுத்தது. 224.0.0.0 முதல் 239.255.255.255 வரையுள்ள முகவரிகள் தனிப் பொறிகளைக் குறியாமல், கேட்போர் குழுக்களையே குறிக்கும். சொற்பொழிவு ஒன்றை நூறு அறைகளுக்கு அனுப்ப வேண்டுமாயினும், அனுப்பும் பொறி ஒரு பிரதியே அனுப்பினாற் போதும்.

ஆயினும் இவ்வரிய ஏற்பாட்டைச் சுவிட்ச் என்னும் கருவி வீணாக்கிவிடக்கூடும். ஒரு பாக்கெட் வந்த போர்ட்டையும் அதன் அனுப்புநர் முகவரியையும் கண்டே, எப்பொறி எங்குளதென்பதைச் சுவிட்ச் கற்கின்றது. குழு முகவரியோ ஒருபோதும் அனுப்புநர் முகவரியாக வாராது. ஆகவே கேட்போர் இருக்குமிடம் அறியாத சுவிட்ச், எல்லாப் போர்ட்டுகளிலும் அதனைக் கொட்டிவிடும். ஒவ்வொன்றும் 5 மெகாபிட் அளவுள்ள பத்து ஒளிக்காட்சிகள் ஓடுமாயின், 100 மெகாபிட் போர்ட் ஒவ்வொன்றிலும் பாதி வழி அடைபடும். ஒன்றும் கேளாத அச்சுப்பொறியும் அச்சுமையைத் தாங்க வேண்டியதாகும்.

இதற்குரிய பரிகாரம் ஐ.ஜி.எம்.பி. ஸ்னூப்பிங் என்பது. ஒரு பொறி குழுவிற் சேரும்போது அனுப்பும் அறிக்கையைச் சுவிட்ச் இடையில் நின்று கவனித்து, அந்தப் போர்ட்டுக்கு மாத்திரம் அக்குழுவின் பாக்கெட்டுகளை விடுக்கும். நிர்வகிக்கத்தக்க சுவிட்சுகளில் ஒரே கட்டளையால் இதனை இயக்கலாம். அவ்வளவுடன் கடமை முடிந்ததென்று எண்ணுவதே நான் இங்குக் கண்டிக்க விரும்பும் தவறு.

எவரேனும் ஒருவர் இடையிடையே, “கேட்போர் இன்னும் உளரோ?” என்று வினவினாலன்றிப் பொறிகள் தம் அறிக்கையைப் புதுப்பிப்பதில்லை. அவ்வாறு வினவுபவனே குவெரியர். வழக்கமான அமைப்பில் அவன் 125 வினாடிக்கு ஒருமுறை வினவுவான். 260 வினாடிவரை மறுமொழி வாராத போர்ட்டைச் சுவிட்ச் பட்டியலினின்று நீக்கிவிடும். குவெரியர் இல்லாத வலைப்பின்னலில், காட்சி செவ்வனே தொடங்கி நான்கு நிமிஷம் சென்றபின் திடீரென நின்றுபோவதன் காரணம் இதுவே. காரணம் அறியாதார் ஸ்னூப்பிங்கையே பழித்து அதனை நிறுத்திவிடுகின்றனர். காட்சி மீண்டும் ஓடும். வெள்ளமும் மீண்டும் பாயும். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவதற்கும் இதற்கும் வேற்றுமை யாது?

செய்யத்தக்கது கடினமன்று. மல்டிகாஸ்ட் ஓடும் ஒவ்வொரு வி.லேனிலும் குவெரியர் ஒன்று இருத்தல் வேண்டும். மல்டிகாஸ்ட் வழிகாட்டும் ரௌட்டர் ஆங்கிருப்பின் அதுவே வினவும். இல்லையேல் சுவிட்ச் ஒன்றையே வினவுமாறு அமைக்கலாம். இருவர் இருப்பின் சிறிய ஐ.பி. முகவரி உடையவரே அப்பணியை ஏற்பர். 224.0.0 என்று தொடங்கும் முகவரிகளை வடிகட்டலாகாது. ரௌட்டர்கள் ஒன்றோடொன்று உரையாடுவது அவற்றின் வாயிலாகவே. ஐ.பி. ஆறாம் பதிப்பில் அண்டைப் பொறியைக் கண்டறிவதுங்கூட மல்டிகாஸ்டால் நிகழ்வதாகலின், அதற்குரிய எம்.எல்.டி. ஸ்னூப்பிங்கைப் பின்னும் எச்சரிக்கையுடன் அமைத்தல் வேண்டும். ஆங்குப் பிழை நேரின் காட்சி மட்டுமன்றிப் பொறிகளின் தொடர்பே அறும்.

கம்பிகள் வேகமுடையனவாகிவிட்ட இக்காலத்தில் இத்துணைக் கவலை எதற்கென்று சிலர் வினவுவர். ஒரே சுவிட்சும் நாலைந்து பொறிகளும் உள்ள இடத்தில் அவ்வினா நியாயமே. ஆனால் வைபை வழியே செல்லும் மல்டிகாஸ்ட், சேய்மையிலுள்ள பொறிக்கும் எட்டுமாறு பெரும்பாலும் குறைந்த வேகத்திலேயே அனுப்பப்படுகின்றது. கம்பியில் சிற்றோடையாயிருப்பது வானில் பெருவெள்ளமாகும். மாணவர் பெரும்பாலோர் வைபையையே நாடும் கல்விச்சாலையில், ஒரு மண்டபத்துக் காட்சி மற்றெல்லார் படிப்பையும் தடுக்க இடங்கொடுத்தல் முறையன்று.

நம் மாணவருட் சிலர் நாளை இத்தகைய வலைப்பின்னல்களைக் காக்கும் பொறுப்பினை ஏற்பர். அவர்களுக்கு யான் கூற விரும்புவது இது: வடிகட்டலை இயக்கியவன் வினவுதலையும் ஏற்படுத்தக் கடமைப்பட்டவன். மௌனமாயிருப்பவரை இல்லாதவரென்று தள்ளுமுன், அவரை ஒருமுறையேனும் கேட்டல் வேண்டுமன்றோ? அமைப்பை முடித்ததும் காட்சி தோன்றக் கண்டு மகிழ்ந்து எழுந்துவிடாமல், பத்து நிமிஷம் பொறுத்திருந்து பார்ப்பார்களாக. ஐந்தாம் நிமிஷத்திற்குப் பின்னும் ஓடுவதே செவ்வையாக அமைந்த காட்சியாகும்.