தயாரித்த கம்பெனியே இல்லை... உள்ளே இருக்கும் டேட்டாவை எடுப்பது எப்படி?

சர்வர் ரூமில் ஓடிக்கொண்டிருக்கும் ஸ்டோரேஜ் பெட்டி திடீரென்று நின்றுவிட்டால் அதை விற்ற கம்பெனிக்கு போன் போடலாம். அந்தக் கம்பெனியே இல்லையென்றால்? ஃபிளாஷ் ஸ்டோரேஜ் அலை வீசியபோது வாங்கிய பெட்டிகளை இன்னும் வைத்திருக்கும் நிறுவனங்களுக்கு இது கற்பனைக் கேள்வி அல்ல.

என்ன நடந்தது?

அமெரிக்காவின் வயலின் மெமரி 2013 செப்டம்பரில் பங்குச்சந்தைக்கு வந்தது. 2016 டிசம்பரில் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. பிறகு கை மாறி, 2020இல் ஸ்டோர்சென்ட்ரிக் வசம் போனது. 2022இல் ஸ்டோர்சென்ட்ரிக்கும் திவால் மனு போட்டது.

பெரிய கம்பெனியிடம் வாங்கினால் பிரச்சினை இல்லை என்றும் சொல்ல முடியாது. விப்டெயிலை 41.5 கோடி டாலருக்கு 2013இல் வாங்கிய சிஸ்கோ, அதன் இன்விக்டா பெட்டிகளை 2015இல் கைவிட்டது. இஎம்சி 2016 பிப்ரவரியில் அறிமுகப்படுத்திய டிஎஸ்எஸ்டி டி5, டெல் கைக்குப் போன பின் 2017 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. ஆயுள் ஏறக்குறைய ஒரே வருஷம்!

கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டினால் ஆச்சே?

சாதாரண எஸ்எஸ்டி என்றால் சரி. ஆனால், வயலின் 6000 வரிசைப் பெட்டிக்குள் எஸ்எஸ்டியே கிடையாது. 'விம்' என்ற சொந்த கார்டுகள்தான். மொத்தம் 64. அவற்றில் 60 கார்டுகள் ஐந்தைந்தாகக் குழு சேரும், 4 உபரி. குழுவில் நான்கு கார்டு அளவுக்கு டேட்டா, ஒரு கார்டு அளவுக்கு, பழுதானால் மீட்க உதவும் பாரிட்டி. இந்த கார்டு வேறு எந்த கம்ப்யூட்டரிலும் பொருந்தாது.

அப்போ சிப்பையே பெயர்த்துப் படிக்கலாமா?

படிக்கலாம், புரியாது. ஃபிளாஷில் சின்னச் சின்னப் பக்கமாக எழுதலாம், ஆனால் பெரிய பிளாக்காகத்தான் அழிக்க முடியும். அதனால் ஒரு ஃபைலைத் திருத்தினால் புதிய பதிப்பு வேறு இடத்துக்குப் போகும். எது எங்கே இருக்கிறது என்ற மேப்பை வைத்திருப்பது கம்பெனியின் சொந்த சாஃப்ட்வேர். அதோடு பிழைதிருத்தக் குறியீடு, டேட்டாவைக் கலைத்து எழுதும் முறை எல்லாமே அவர்களின் ரகசியம். என்கிரிப்ஷன் போட்டிருந்து கீ தொலைந்துவிட்டால், கதை அதோடு முடிந்தது.

ஆஃப் பண்ணி பத்திரமா வைத்தால்?

அதுவும் ஆபத்துதான். எழுதும் ஆயுளை முடித்த நிறுவன எஸ்எஸ்டி, மின்சாரம் இல்லாமல் 40 டிகிரி செல்சியஸில் 3 மாதம் டேட்டாவைத் தாங்கினால் போதும் என்கிறது ஜெடெக் தரவிதி. வீட்டு உபயோக எஸ்எஸ்டிக்கு 30 டிகிரியில் ஒரு வருஷம். இது குறைந்தபட்ச அளவு. அதிகம் தேயாத சிப் இன்னும் நீண்ட நாள் தாங்கும். ஆனாலும் நன்றாக உழைத்த பெட்டியைக் குடோனில் வருஷக்கணக்கில் போட்டுவைப்பது பேக்கப் ஆகாது.

வழி என்ன?

பெட்டி இன்னும் ஓடுகிறதா? இன்றே வேறு ஸ்டோரேஜுக்கு டேட்டாவை நகலெடுங்கள். செக்சம் போட்டு, நகல் சரிதானா என்று பாருங்கள். செட்டிங்ஸ், ஃபர்ம்வேர் பதிப்பு, என்கிரிப்ஷன் கீ எல்லாவற்றையும் பெட்டிக்கு வெளியே பதிந்து வையுங்கள்.

நின்றுவிட்டதா? முதலில் எது போச்சு என்று கண்டுபிடிக்க வேண்டும். பவர் சப்ளையோ கன்ட்ரோலரோ மட்டும் என்றால், செகண்ட் ஹேண்ட் சந்தையில் அதே மாடல் கிடைத்தால் நம்பிக்கை உண்டு. ஃபர்ம்வேர் பதிப்பும் ஒத்துப்போக வேண்டும். கார்டைக் கழற்றும் முன் எந்த ஸ்லாட் என்று லேபிள் ஒட்டுங்கள். 'இனிஷியலைஸ்' அல்லது 'ஃபார்மேட்' கேட்டால் கை வைக்கவே கூடாது. மேப் அழிந்தால் டேட்டா இருந்தும் இல்லாத மாதிரிதான்.

சிப்பைப் பெயர்ப்பது கடைசி வழி. நிபுணர்களுக்கே மாதக்கணக்கில் ஆகலாம், செலவும் அதிகம், உத்தரவாதமும் இல்லை.

ஆகவே, ஸ்டோரேஜ் வாங்கும்போது வேகத்தையும் விலையையும் மட்டும் கேட்டால் போதாது. "நாளைக்கு நீங்க இல்லேன்னா எங்க டேட்டாவை நாங்க எப்படி வெளியே எடுப்போம்?" என்றும் கேட்க வேண்டும். பதில் தெளிவாக இல்லையென்றால், வேறு கம்பெனி கருவியில் ஒரு பேக்கப் முதல் நாளிலிருந்தே ஓட வேண்டும்.